கொடிக்காலின் நிழலும் வடிகாலும்

2025ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், திருவாமாத்தூருக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் தவணை தவறிய கடன்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே 'வெற்றிலை, 12 சென்ட்' என்று இருந்தது. நெல்லும் கரும்பும் மணிலாவும் நிறைந்த பட்டியலில் அந்த ஒரு வரி தனித்துத் தெரிந்தது. அந்த அங்கத்தினர் அறுபது வயதைக் கடந்தவர். என்னைக் கண்டதும் வரவேற்று, வீட்டுக்கு அழைக்காமல் நேரே வயலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே கொடிக்கால் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அகத்தி மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் கருகிச் சுருண்ட கொடிகள் பழங்கயிறு போலத் தொங்கின. ஒரு கொடியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அடித்தண்டு அழுகி, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுக் கையோடு வந்தது. வரப்புக்கு அப்பால் பதினைந்து சென்ட் அளவில் மற்றொரு கொடிக்கால் இருந்தது. அதே மண், அதே கிணற்று நீர், அதே மழை. அதனுள்ளே இருவர் குனிந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தனர்.

"ஐயா, நான் ஒரு பைசாவை வேறு காரியத்துக்குச் செலவழிக்கவில்லை. வேண்டுமானால் வட்டப்பாறையில் நின்று சத்தியம் செய்கிறேன்" என்றார் பெரியவர்.

திருவாமாத்தூர்க் கோயிலை அறிந்தவர்களுக்கு இச்சொல்லின் கனம் புரியும். பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரரும் முத்தாம்பிகையும் எழுந்தருளியுள்ள தலம் அது. மூவர் பாடலும் பெற்றது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் தங்கி 1898இல் அடங்கிய ஊரும் அதுவே. அங்குள்ள வட்டப்பாறையின் முன் பொய்ச்சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது இப்பக்கத்து மக்களின் நீண்டநாள் நம்பிக்கை. சுற்று வட்டாரத்தில் பாகத் தகராறுகள் பல அந்தப் பாறையின் பெயரைச் சொன்ன அளவிலேயே தீர்ந்ததுண்டு என்பர். கடன் பத்திரத்தைவிட அதற்கு அஞ்சுகிறவர்கள் நம் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே சத்தியம் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு கொடிக்கால்களுக்கும் உள்ள வேற்றுமை யாது என்று பார்க்கலானேன். அன்று நான் கண்டதும், பின்னர்ப் பயிர்த்தொழில் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

வெற்றிலை மிளகின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலேயாப் பக்கத்து மழைக்காடுகளே அதன் பிறந்தகம் என்பது தாவர நூலார் கருத்து. ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல், பெரிய மரங்களின் அடியில், இலை இடுக்கின் வழியே கசியும் வெளிச்சத்தை உண்டு, ஈரக்காற்றில் வளர்ந்த கொடி அது. இங்கே அதன் பூவையும் காயையும் கண்டவர் அரிது. அதனாலேயே 'வெற்று இலை' என்று பெயர் வந்ததென்பர். அத்தகைய காட்டுக் கொடியை, வைகாசியில் அனல் காற்று வீசும் விழுப்புரம் சீமையில் வளர்க்கவேண்டுமானால் முதலில் ஒரு காட்டை உண்டாக்கவேண்டும். அப்படி நாம் உண்டாக்கும் சிறு காட்டுக்குத்தான் கொடிக்கால் என்று பெயர். வடக்கே வங்காளத்திலும், தேசாவரி வெற்றிலைக்குப் பெயர்போன மகோபாவிலும் நாணலும் குச்சியும் கொண்டு சுவரும் கூரையும் அமைத்து, அதனுள்ளே வெற்றிலையை வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டார் கூரை கட்டுவதில்லை. அகத்தியை விதைத்து அதையே கொம்பாகவும் குடையாகவும் கொள்கிறார்கள். அகத்தி தன் வேர் முடிச்சுகளால் மண்ணுக்கு உரம் சேர்க்கிறது. கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகிறது. கீரை வீட்டுக்கு ஆகிறது. நம் முறையே மேலானது என்பது என் அபிப்பிராயம். புயற்காற்றில் அகத்தி முறியும் என்ற ஒரு குறை அதற்குண்டு. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலைக் கண்டவர்கள் அந்தக் குறையை மறக்கமாட்டார்கள்.

கொடிக்கால் போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தை நன்கு பண்படுத்தி, ஏறத்தாழ ஆறடி அகலப் பாத்திகளாகப் பிரித்து, பாத்திக்குப் பாத்தி நடுவே ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமும் உள்ள வாய்க்கால் எடுக்கவேண்டும். பாத்தியில் அகத்தி விதையை வரிசையாக ஊன்றி, ஓரங்களில் வாழை வைப்பது வழக்கம். வாழை காற்றைத் தடுப்பதோடு, கொடி கட்டுவதற்கு நாரும் தரும். அகத்தி தலைக்கு மேல் எழுந்தபின், மூன்று முதல் ஐந்து கணு உள்ள நுனித்தண்டுகளை அதன் அடியில் நடுவார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 தண்டுகள் வேண்டும். நடவுக்குத் தை மாசியும் சித்திரை வைகாசியும் ஏற்ற பருவங்கள். வாரம் ஒரு தண்ணீர். கொடி ஏற ஏற, பதினைந்து இருபது நாளைக்கு ஒருமுறை வாழைநாரால் தளர்வாகக் கட்டிவரவேண்டும். இறுக்கிக் கட்டினால் கணு நோகும். பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரம் வந்ததும் அகத்தியின் தலையைக் கிள்ளிவிடுவார்கள். ஆறாம் மாதத்திலிருந்து இலை கிடைக்கும். ஓராண்டில் கொடி பத்தடி உயர்ந்து இலை சிறுக்கத் தொடங்கும்போது, பங்குனி சித்திரையில் கொடியை இறக்கி, அடியில் வளையமாகச் சுருட்டி மண் அணைத்தால், அந்த வளைவின் கணுக்களிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பும்.

இவற்றுள் நிழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நிழற்பயிர் என்றால் இருட்டில் வளரும் பயிர் என்று நினைப்பவர் பலர். நேர் வெயில் பட்டால் வெற்றிலை தடித்துச் சிறுத்து மஞ்சள் பாயும் என்பது உண்மையே. ஆனால் அகத்தி அடர்ந்து மூடிவிட்டாலோ கணு நீண்டு, இலை மெலிந்து, உள்ளே காற்றோட்டமின்றி ஈரம் நாட்கணக்கில் தங்கும். அந்த ஈரத்தில்தான் நோய் பிறக்கிறது. ஆதலின் கோடையில் அகத்தியைத் தொடாமல் விட்டு, புரட்டாசியில், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன், பக்கக்கிளைகளைக் கழித்து ஒளியும் காற்றும் புகவிடவேண்டும். அளவு என்ன என்று உயிருடன் இருந்த கொடிக்காலின் சொந்தக்காரரைக் கேட்டேன். அவர் நிலத்தைக் காட்டினார். உச்சிவேளையில் பாத்தி முழுவதும் வெயில் சிறு சிறு காசுகளாகச் சிதறிக் கிடந்தது. "காசெல்லாம் ஒன்றுசேர்ந்து தட்டாகிவிட்டால் வெயில் அதிகம். காசே விழவில்லையென்றால் கத்தியை எடுக்கவேண்டும்" என்றார். மழைக்காலத்தில் காசை நெருக்கமாகவும் கோடையில் கலக்கமாகவும் வைத்துக்கொள்வாராம். இதைவிட எளிய அளவுகோலை நான் கேட்டதில்லை.

நெசவாள அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. பருத்தி நூல் வறண்ட காற்றில் அறுந்துபோகும் என்பதால் குழித்தறி இருக்கும் இடத்தில் ஈரப்பதம் காக்கிறோம் அல்லவா? வெற்றிலை விரும்புவதும் ஏறத்தாழ அதே காற்றுத்தான். சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளர் போன்றவர்கள் தனியே நிலம் தேடவேண்டியதில்லை. கொல்லையில் துவைகல்லின் ஓரம் நிற்கும் முருங்கையிலோ தென்னையிலோ நாலைந்து தண்டுகளை நட்டுவைத்தால் வீட்டுக்கு வேண்டிய இலை கிடைக்கும். விசேஷ நாட்களில் அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம். மரத்தின் கீழ்ப்புறம் நடுவது நல்லது. மாலை வெயில் படாது. சாயத்தொட்டியின் கழிவுநீரும் சோப்பு நுரையும் வேருக்குப் போகாதபடி மட்டும் ஒரு சிறு வரப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டு கொடிக்கால்களுக்கு வருவோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை இரு கரையையும் மீறிற்று. அந்த வாரத்தில் நம் மாவட்டத்தில் ஈரமில்லாத அடுப்பு அரிது. வெற்றிலைக்கோ, வேரடியில் நீர் இரண்டு மூன்று நாள் நின்றாலே போதும். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் மண்ணில் உறங்கிக் கிடக்கிறது. நீர் நின்றதும் அதன் வித்துக்கள் நீரில் நீந்தி அடுத்த கொடியின் வேரைப் பற்றுகின்றன. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்தை விளைவித்ததும் இதன் இனத்தைச் சேர்ந்ததே. கொடிக்காலில் முதலில் நுனி இலை பளபளப்பு இழந்து தொங்கும். பிறகு மஞ்சள் பூக்கும். அடித்தண்டு கறுத்து, வழவழத்து, நாற்றமெடுக்கும். இலையிலும் நீர் ஊறியது போன்ற பழுப்பு வட்டங்கள் தோன்றும். கண்டுகொள்வதற்குள் பாதித் தோட்டம் போய்விடும். வாடல் நோய், அழுகல் நோய் என்று இதை இருவிதமாகச் சொல்கிறார்கள்.

இறந்த கொடிக்காலின் வாய்க்காலில் கையளவை வைத்துப் பார்த்தேன். முக்கால் அடிதான் இருந்தது. கோடையில் தண்ணீர் தங்கட்டும் என்று கடைமுனையை மண்ணிட்டு அடைத்திருந்தார்கள். அந்த அடைப்பு மழைக்கு முன் திறக்கப்படவில்லை. ஆண்டு முழுதும் கரைந்து விழுந்த பாத்திமண் வாய்க்காலைத் தூர்த்திருந்தது. அண்டைக் கொடிக்காலிலோ, ஆவணியிலேயே தூர்வாரி, வாய்க்கால்களைக் கடைசியில் ஒரு தலைவாய்க்காலில் சேர்த்து, அதை ஊர் ஓடைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கும் நீர் ஏறியது. ஒரே பகலில் வடிந்துவிட்டது. ஓரத்து இரண்டு பாத்திகள் மட்டும் பாழாயின. அவற்றைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

"உங்களுக்குத் தெரியாததா இது? ஏன் வாரவில்லை?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கிச் சொன்னார்: "தெரியும் ஐயா. ஆளுக்கும் வேப்பம்பிண்ணாக்குக்கும் இரண்டாம் தவணையை ஆடியில் கேட்டேன். கார்த்திகை பிறந்துதான் கைக்கு வந்தது."

திரும்பி வந்து கோப்பைப் பார்த்தேன். அவர் சொன்னது சரியே. விண்ணப்பம் ஆடி மாதத்திலேயே வந்திருந்தது. சிட்டாவில் ஒரு சர்வே எண் தெளிவாக இல்லையென்று குறிப்பு எழுதி நிறுத்தி வைத்தவன் நானே. அடுத்து வேறு பொறுப்பு, வேறு தணிக்கை என்று ஓடிவிட்டேன். அந்தச் சர்வே எண்ணைச் சரிபார்க்க அரைநாள் போதும். அந்த அரைநாளை நான் ஐப்பசிக் கடைசியில்தான் ஒதுக்கினேன். முதல் தவணைக்கு முன் அவருடைய நிலத்தை நேரில் பார்த்தேன் என்று கையெழுத்தும் இட்டிருக்கிறேன். பார்த்தது உண்மை. பட்டாவையும் எல்லையையும் ஜாமீன்தாரரையும் பார்த்தேன். வாய்க்காலைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

பயிர்க்கடனை நெல்லின் கண்கொண்டு பார்த்தே நமக்குப் பழக்கம். நெல்லுக்கு நீர் நின்றால் நல்லது. நாலு மாதத்தில் கணக்கு முடியும். கொடிக்காலின் கணக்கு அப்படியன்று. அகத்தி விதைப்பதிலிருந்து முதல் இலை கிள்ளும் வரை ஒன்பது மாதம் செலவு மட்டுமே. அதன்பின் வருமானம் ஒரேயடியாக வராமல், கவுளி கவுளியாக, பதினைந்து நாளைக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வரும். நன்கு பேணினால் ஏக்கருக்கு ஆண்டொன்றில் 30 முதல் 40 லட்சம் இலை எடுக்கலாம் என்பது வேளாண்துறையினர் கணக்கு. பன்னிரண்டு சென்ட்டுக்கு அது 3,600 முதல் 4,800 கவுளி ஆகிறது. ஆனால் ஓராண்டுத் தவணைக்குள் பெரியவருக்குக் கிள்ளக் கிடைத்தது ஆவணி முதல் கார்த்திகை வரையே. அகத்தி விதைத்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தவணையை வகுத்திருந்தால், புயல் வந்திராவிட்டாலும் அவருக்கு மூச்சுவிட இடமிருந்திருக்கும். கடன் அளவை ஆண்டுதோறும் வகுக்கும் மாவட்டத் தொழில்நுட்பக் குழுவின் முன் இதை எழுத்து மூலம் வைப்பது நம்மைப் போன்றவர்கள் கடமை. நான் வைத்திருக்கிறேன்.

விற்பனையிலும் கூட்டுறவுக்கு வேலை உண்டு. பரமத்தி வேலூர் ஏலச் சந்தையில் 104 கவுளி கொண்டது ஒரு சுமை என்று கணக்கு. இளம்பயிர் இலைக்கு ஒரு விலை, முதியம்பயிர் இலைக்கு ஒரு விலை என்று தரம் பிரித்து அங்கே ஏலம் நடக்கிறது. இப்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சென்ட் வைத்திருப்பவர் சுமை கட்டுமளவுக்கு இலை சேர்வதற்குள் முதல் இலை வாடிவிடும். ஆகவே தெருவுக்கு வரும் வியாபாரி சொன்ன விலையே விலை. நாலைந்து பேர் ஒரே நாளில் கிள்ளி, ஒரே கூடையில் அனுப்பினால் விழுப்புரம் கடைக்காரர்களிடம் நேரே விலை பேசலாம். சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இலும், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்துத் திரூர் வெற்றிலைக்கு 2019இலேயே கிடைத்துவிட்டது. (திரூர் என்றதும் நம்மவர்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1904இல் சென்னை மாகாணத்தின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியதும் ஒரு திரூரில்தான். அது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்.) இவ்வூர்களிலெல்லாம் பயிரிடுவோர் ஒன்றுசேர்ந்தபின்பே பெயர் கிடைத்தது என்பது கவனிக்கற்பாலது.

வெற்றிலை போடுவது உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே, அதை ஏன் வளர்க்கவேண்டும் என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல், புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் விளைவிப்பதே என்று அறிவித்தது. குற்றம் பாக்கின்மேல், புகையிலை சேர்ந்தால் இன்னும் கேடு. இலையின்மேல் அந்தக் குற்றம் சாட்டப்படவில்லை. கோயிலுக்கும் திருமணத்துக்கும் வரிசைத் தட்டுக்கும் இலை வேண்டியிருக்கும் வரை அதை வளர்ப்பதில் இழுக்கில்லை என்றே நினைக்கிறேன். தறியில் அமர்ந்தபடி நாள் முழுதும் பாக்கை மெல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுமாறு நம் நெசவாளர்களை வற்புறுத்துகிறேன்.

நோய்க்கு மருந்து உண்டா என்றால், வருமுன் காக்க உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அது. பிரான்சில் போர்டோ நகரத்துப் பக்கம், பாதையோரத் திராட்சையைத் திருடர் பறிக்காதிருக்க இக்கலவையைத் தெளித்துவைத்தார்களாம். தெளித்த கொடிகளில் மட்டும் பூசணம் பற்றாததைக் கண்ட மில்லார்தே என்னும் பேராசிரியர் 1885இல் அதை உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்தது நோய்க்கு ஆயிற்று. நமக்கு வேண்டியது கால் சதவீதக் கலவை. நூறு லிட்டருக்கு 250 கிராம் மயில்துத்தம், 250 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டையும் மண்பானையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் மெல்ல ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் தேய்த்த கத்தியை அதில் சிறிதுநேரம் வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்றே கலந்து அன்றே பயன்படுத்தவேண்டும். இலை கிள்ளி முடித்த பின்பே, ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒருமுறை வேரடியில் ஊற்றிவருவது முறை. வேப்பம்பிண்ணாக்கு உரமாவதோடு மண்ணையும் காக்கிறது.

கொடிக்காலுக்குள் செருப்பணிந்து நுழையலாகாது என்பது முன்னோர் வழக்கம். வெற்றிலை லட்சுமி வாசம் செய்யும் இடம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். நோய்பட்ட சேறு செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் பரவும் என்பது இன்று விஞ்ஞானம் சொல்லும் காரணம். இரண்டில் எதை நம்பினாலும் செருப்பை வரப்பிலேயே விடுங்கள். அன்று இறந்த கொடிக்காலிலிருந்து அடுத்ததற்குள் நான் நுழையப் போனபோது, அதன் சொந்தக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார். பெரியவர் வாய் பேசாமல் தம் காலையும் நீட்டினார்.

பெரியவரின் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றப் பரிந்துரை எழுதி, தாமதம் நேர்ந்த விதத்தையும் என் கையெழுத்தோடு அதில் சேர்த்திருக்கிறேன். தீர்மானம் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது. அழுகிய நிலத்தில் உடனே வெற்றிலை வைக்கக்கூடாது என்பதால், அங்கே இரண்டு போகம் நெல் போடப் போகிறார். கிணற்றுமேட்டில் எட்டு சென்ட் ஒதுக்கி அகத்தி விதைத்துவிட்டார். தண்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அண்டைக் கொடிக்காலைக் காட்டினார். அவர்கள் விலை பேசாமல், சித்திரையில் கொடி இறக்கும்போது மூவாயிரம் தண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

மாசியில் மறுபடி அவ்வழியே போனேன். அகத்தி முழங்கால் உயரம் வந்திருந்தது. வாய்க்காலில் இறங்கி அளந்தேன். ஒன்றே முக்கால் அடி இருந்தது. கடைமுனை திறந்தே கிடந்தது.